பள்ளத்தை விட்டுப் போட்ட எல்லை

அன்புள்ள வேடியப்பனுக்கு,

கோயில் தோப்பிலிருந்து பதினோரு செம்மறி ஆடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போன அந்தக் கரடி நான்தான். நீ மூன்று வாரம் தேடினாய். கடைசியில் பேரைக் கண்டுபிடித்து, "டேய் கரடி, உன்ன வூட்ல சொல்லி வளக்கலயா?" என்று உன் கூட்டாளிகள் அத்தனை பேர் முன்னாலும் எழுதி, இனிமேல் உள்ளே வரவே முடியாதபடி வெளியே தள்ளிவிட்டாய். அதை அப்படியே உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புளிய மரத்தின் மேல் நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நிமிஷம் நிறுத்தி, "பையன் சரியாத்தான் கேட்டுகிறான்" என்றார். பிறகு மறுபடி உலுக்கினார். புருஷனிடம் ஆதரவு தேடிப் போனவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தையும், தலைமேல் நாலு புளியம்பழமும்தான்.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் ஆடுகள் உன் ஒருவனுடையவை இல்லையே. உன் போன் விளையாட்டு சர்வரில் ஆட வருகிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வளர்த்தவை. அதனால்தான் கோடு போட்ட நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து, நீங்கள் பேசிக்கொள்கிற குழுவிலேயே போடுகிறேன். அந்தக் குழுவில் 'அம்மா' என்ற பேரில் நானும் இருப்பதை இத்தனை நாள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கரடியைப் பற்றி நீங்கள் எழுதிய வசவு ஒன்றுவிடாமல் படித்தேன். இரண்டு வார்த்தை எனக்கே புதுசு. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒற்றெழுத்து தப்பியிருந்தால் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். வைகாசியில் உனக்கும் சுகன்யாவுக்கும் கல்யாணம். கல்யாணக் கூட்டத்தில் உன்னை உட்காரவைத்து நாலு வார்த்தை பேச எனக்கு நேரம் கிடைக்காது, பேசினாலும் நீ நிற்க மாட்டாய். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, நம் ஊரில் போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடமான பாறைக்கு என்னைக் கூட்டிப்போய், உன் பழைய போனை என் கையில் கொடுத்து அந்த விளையாட்டைக் காட்டினாய். எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆன உலகம். மரம் கட்டை, பாறை கட்டை, மாடுகூடக் கட்டை. ஆனால் அது நம் மலை. ஓடை வளைகிற இடம், சாமைக் கொல்லை, கோயில் தோப்பு, நம் வூடு, எல்லாவற்றையும் நீயும் உன் கூட்டாளிகளும் கட்டை கட்டையாக அடுக்கி வைத்திருந்தீர்கள். ஆளாளுக்கு அவரவர் இருக்கிற இடத்தில் போனைத் திறந்தால் எல்லாரும் அதே மலையில் வந்து நிற்கிறார்கள். "அப்ப நான் இங்க குந்திகினு, நீ வேலூர்ல குந்திகினு, ரெண்டு பேரும் ஒரே கொல்லைல நிக்கலாமா?" என்று கேட்டேன். "நிக்கலாம்மா. ஆனா அங்கயும் களை எடுக்கச் சொல்லாதே" என்றாய்.

பிறகு எல்லை போடுவதைக் காட்டினாய். நீங்கள் அதை ரீஜன் என்கிறீர்கள். எனக்கு எல்லை என்றால்தான் வாய்க்கு வருகிறது. மரக்கோடாலி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மூலையில் போய் நின்று ஒரு தட்டு, எதிர் மூலையில் போய் நின்று இன்னொரு தட்டு. இரண்டு மூலைக்கும் நடுவில் இருக்கிறதெல்லாம் பெட்டிக்குள் வந்ததுபோல உள்ளே வந்துவிடும். அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் யார், கூடப் புழங்கிக்கொள்பவர் யார் என்று எழுதி வைக்கலாம். இங்கே எதையும் உடைக்கக் கூடாது, இங்கே அடித்துக்கொள்ளக் கூடாது, இதற்குள் சொந்தக்காரர் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது என்று எல்லைக்கு எல்லை வேறு வேறு சட்டம். பெரிய எல்லைக்குள் சின்ன எல்லை ஒன்று வந்து, இரண்டின் சட்டமும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் நம்பர் கொடுத்திருந்தாய். எதற்குப் பெரிய நம்பரோ அது சொன்னதுதான் செல்லும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தயெல்லாம் யாரு காவல் காப்பாங்க?" என்றேன். "யாரும் வாணாம்மா. எழுதி வச்சிட்டா அதுவே காக்கும்" என்றாய். உனக்கு முகமெல்லாம் பெருமை. எனக்கும்தான். காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

அந்தப் பொங்கலில்தான் நீ கதவையும் கேட்டாய். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, காணும் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் நடுவீட்டில் நிறைந்திருக்கும்போது, மெதுவாக என் பக்கத்தில் வந்து, "அம்மா, உள்ளறைக்கு ஒரு கதவு போட்டுடலாம்மா. உள்பக்கம் தாழ்ப்பாளோட" என்றாய். உள்ளறை என்பது நாம் சாமை மூட்டை அடுக்குகிற அறை. அதற்கு என்றைக்கும் கதவு இருந்ததில்லை. தானியம் இருக்கிற அறையை அடைத்து வைப்பது நம் வூட்டில் வழக்கம் கிடையாது. விதைக்குச் சாமை வேண்டுமென்றால் தெருவில் யார் வேண்டுமானாலும் நேராக உள்ளே போய் முறத்தில் வாரிக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் அந்த அறைதான் என்று நானே சொல்லியிருந்தேன். சொன்னவள் அந்த முறத்தை மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. நீ கேட்டதும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. சுருக்கென்று இருந்தால் நான் என்ன செய்வேன் என்பது உனக்குத் தெரியும். "கதவா? இன்னாத்துக்குடா? உள்ள சாராயம் காய்ச்சப் போறியா?" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னேன். வீடே சிரித்தது. உன் சித்தப்பா ஒரு படி மேலே போய், "கதவு போட்டா வாசனை போவாதுடா வேடி, ஜன்னலும் வச்சுக்கோ" என்றார். நீ சிரிக்கவில்லை. "போய்ட்டு வர்றேம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்விட்டாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஜெயித்தவள் நிலைமை பத்து நாளில் தெரிந்தது. போன் செய்தால், "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "வேலையா?" "வேலைதான்." அவ்வளவுதான். ஒரு நாள் அதிசயமாக நீயே போன் செய்து, "சுகன்யாவுக்கு மலை ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலை கெடச்சுடுச்சும்மா. ஆனா கல்யாணத்துக்கப்புறம் கண்ணமங்கலத்துலயே வாடகைக்குப் பாக்கலாம்னு கீறேன்" என்றாய். கண்ணமங்கலம் அவள் பிறந்த ஊர். வேலை மேலே, குடித்தனம் கீழே. நடுவில் ஓடுவதோ நாலே நாலு பஸ். அந்தப் பெண் தினமும் ஏறி இறங்க வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா ஏன் என்று?

இதற்கு முன்னாலும் ஒரு தரம் உனக்கு இப்படிச் செய்திருக்கிறேன். நீ எட்டாவது படித்தபோது, விடுதியிலிருந்து லீவுக்கு வருகையில் ஒரு தகரப் பெட்டி கொண்டு வருவாய். அதன் மூடியின் உள்பக்கம், 'என்னைக் கேட்காமல் திறக்கக் கூடாது' என்று எழுதியிருப்பாய். மூடியின் உள்பக்கம் எழுதினால் திறந்த பிறகுதானே படிக்க முடியும்? திறந்து, படித்து, சிரித்துக்கொண்டே உள்ளே கிளறினேன். உள்ளே காகிதம் காகிதமாக நம் மலையின் படம் வரைந்து வைத்திருந்தாய். ஓடைக்கு மேலே ஒரு இடத்தைப் புள்ளி புள்ளியாகச் சுற்றி, 'இது வேடியின் இடம். அண்ணன் தம்பி யாரும் வரலாம். பெரியவர்கள் கேட்டுவிட்டு வரவும்' என்று எழுதியிருந்தாய். நான் அதை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் நாலு பேரிடம் காட்டி, "எங்க ஜமீன்தாரு பட்டா போட்டுகிறாரு பாருங்க" என்றேன். அடுத்த லீவுக்குப் பெட்டியில் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டையும் கேலி செய்தேன். என் வாய் இருக்கிறதே, அது ஆளைச் சிரிக்க வைக்கும்போதே அவன் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்ளும். நாற்பத்தெட்டு வயதில்தான் இதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கரடிக்கு வருகிறேன். நீ போனில் பேசாததால், நீ இருக்கிற இடத்துக்கே வந்துவிடலாம் என்று விளையாட்டைத் திறந்தேன். 'அம்மா' என்ற பேரோடு உள்ளே வந்தால் எல்லாப் பிள்ளைகளும் சண்டையை நிறுத்திவிட்டு, "வணக்கம்மா" என்று வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தன் கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டான். தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததுபோல் ஆகிவிட்டது. அதனால் ஜமுனாமரத்தூர் ரீசார்ஜ் கடைத் தம்பியிடம் சொல்லி வேறு பேர் வாங்கிக்கொண்டேன். "இன்னா பேருக்கா?" என்றான். "கரடி" என்றேன். இந்த மலையில் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவன் கொல்லைக்குள் வருவது அதுதானே. அவன் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தான்.

வந்த முதல் நாளே உன் விளையாட்டில் இருக்கிற நம் வூட்டுக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததும், 'வாங்க! சாப்ட்டீங்களா?' என்று எழுத்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேசாமல் இருக்கிற பையன், ஊர் பேர் தெரியாத கரடியைக்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்கிறானே என்று. ஒற்றை விரலால் தேடித் தேடி, 'சாப்ட்டேன் சாமி. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு' என்று அடித்தேன். பதில் இல்லை. வேலையாக இருக்கிறாய் போல என்று வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடி கேட்டாய். 'இப்பதான் சொன்னேன்' என்று அடித்தேன். இப்படியே நாலைந்து நாள். ஆடுகளை மேய விட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்து, வாசலுக்கு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். ஒவ்வொரு தரமும் நீ கேட்பாய், ஒவ்வொரு தரமும் நான் சொல்வேன்.

அதை ஓரமாக நின்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பேர் தக்காளி. அது யார் என்று எனக்குத் தெரியும். சுகன்யா இந்தப் பேரில்தான் ஆடுகிறாள் என்று பொங்கலன்றைக்கு நீயே காட்டியிருந்தாய். கரடி யார் என்றுதான் அவளுக்குத் தெரியாது. நான் அடித்ததைப் படித்துப் பொம்பளை என்று கண்டுகொண்டாள் போல. கிட்டே வந்து, 'அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அது ஆள் இல்லக்கா. எல்லைக்குள்ள கால் வச்சா தானா வர்ற எழுத்து. ஒரு தடவ எழுதி வச்சா போதும், யாரு வந்தாலும் கேக்கும்' என்று எழுதினாள். கேலி செய்யவில்லை, பார்த்துக்கொள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கரடியை ஒரு வருஷம் விட்டிருக்க மாட்டேன். அப்புறம் யோசித்தால், நான் உன்னிடம் போனில் கேட்பதும் அதேதான். வாய் பாட்டுக்குச் 'சாப்ட்டியா' என்று கேட்கும். நீ சொல்லி முடிப்பதற்குள் நான் மழைக்கும் மாட்டுக்கும் போய்விட்டிருப்பேன். உனக்கும் ஒரு நாள் பிள்ளை குட்டி வரும். கேட்டால், பதில் வரும்வரை நில். என்னால் முடிந்ததில்லை, உன்னால் முடியும்.

ஆடு திருடியது அதற்கப்புறம்தான். முதல் ஆட்டைச் சும்மா விளையாட்டுக்குத்தான் எடுத்தேன். கோயில் தோப்பைச் சுற்றி எதையும் தொட முடியாதபடி எல்லை போட்டிருந்தாய். வேலியை உடைத்துப் பார்த்தேன், உடையவில்லை. ஆனால் நான் முப்பது வருஷமாக இந்தச் சரிவில் ஆடு மேய்க்கிறவள். ஆடு எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். நீ கோடாலியை எடுத்துக்கொண்டு தோப்பின் இந்தப் பக்கத்து மேட்டில் நின்று ஒரு மூலை தட்டியிருக்கிறாய். அந்தப் பக்கத்து மேட்டில் நின்று மறு மூலை தட்டியிருக்கிறாய். மேட்டுக்கு மேடு பெட்டி போட்டால், நடுவில் இருக்கிற பள்ளம் பெட்டிக்குக் கீழே போய்விடாதா? நம் தோப்புக்கு நடுவில்தானே அந்தப் பள்ளமே இருக்கிறது, புல்லும் அங்கேதானே. ஆடுகள் மேய இறங்குவது அங்கே. அங்கே உன் சட்டம் கிடையாது, வேலியும் உடைந்தது. கோதுமைக் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் நின்றேன். பக்கத்தில் மேய்ந்த ஆடு பின்னாலேயே வந்துவிட்டது. மலையில் பிறந்தவன், கீழே வேலூரில் நாலு வருஷம் இருந்துவிட்டுச் சமதரைக்காரன் மாதிரி எல்லை போட்டிருக்கிறாய். வெளியே யாரிடமும் சொல்லாதே, அசிங்கம்.

மீதிப் பத்து ஆட்டை எடுத்ததற்குக் காரணம் வேறு. முதல் ஆடு போன அன்றைக்கே நீ என்னைத் தேட ஆரம்பித்தாய். தோப்பெல்லாம் சுற்றி வந்து, "யாருடா நீ? எங்கடா கீற?" என்று எழுதிக்கொண்டே இருந்தாய். போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பையன், தினமும் மணிக்கணக்கில் என்னைத் தேடினான். நான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து நீ என்னைத் தாண்டித் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்த மனசு வரவில்லை. ஆடுகள் பத்திரமாக இருக்கின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம், நான் கட்டிய குடிசைக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறேன். இரண்டு குட்டி போட்டிருக்கின்றன. திருப்பிக் கொண்டுவந்து விடலாம் என்றால் நீ என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறாய். நீயே போய் ஓட்டிக்கொள். குட்டிகளை எனக்கு விடு.

இப்போது சொல்லப்போவதுதான் நிஜமான திருட்டு. தக்காளி என்னோடு நன்றாகப் பழகிவிட்டாள். ஓடைக்கரையில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டே பேசுவோம். ஒரு நாள் அவளாகவே எழுதினாள். 'எனக்கு வைகாசில கல்யாணம்க்கா. அவங்க வூடு மலைல. எனக்கு மலை ரொம்பப் பிடிச்சுகீது. ஆனா எங்களுக்குக் குடுக்கற ரூமுக்குக் கதவே இல்ல. அவரு பாதி நாளு வேலூர்ல இருப்பாரு. நான் டூட்டி முடிச்சிட்டு வந்து துணி மாத்தற நேரத்துல யாரு முறத்தோட வந்து நிப்பாங்கன்னே தெரியாது.' இங்கேயே நான், 'நிறுத்தும்மா, நான் யாரென்று சொல்லிவிடுகிறேன்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தெரிந்தே அடுத்த கேள்வி கேட்டேன். 'மாமியார் கிட்ட சொல்ல வேண்டியதுதானே? பிடாரியா?' அவள் பதில் போட்டாள். 'இல்லக்கா, ரொம்ப நல்லவங்க. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாங்க. அதான் பயம். திட்றவங்ககிட்ட திருப்பிச் சொல்லிடலாம். எல்லாரும் சிரிச்சிட்டா அப்புறம் எப்படிக்கா சொல்றது?'

மீன் தூண்டிலில் மாட்டியிருந்ததை நான் இழுக்கவே இல்லை. அப்படியே போனை அணைத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்தத் தோப்புதான் ஞாபகம். நீ ஒரு மேட்டில் நின்று கதவு வேண்டும் என்றாய். நான் எதிர் மேட்டில் நின்று எதற்குக் கதவு என்றேன். நம் இரண்டு பேர் கௌரவத்துக்கும் நல்ல காவல் இருந்தது. பள்ளத்தில் நின்றவளை நீயும் எண்ணிப் பார்க்கவில்லை, நானும் எண்ணிப் பார்க்கவில்லை. நீயாவது, "அவளுக்காகக் கேக்கறேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதையும் கேலி செய்திருப்பேன் என்பது வேறு விஷயம். ஆனாலும் சொல். இனிமேல் எந்த எல்லை போடுவதானாலும், மூலையில் நின்று தட்டிவிட்டு வந்துவிடாதே. இறங்கி நடுப் பள்ளம் வரைக்கும் போய், அங்கே நிற்கிற ஆளுக்கு அது எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வா.

சுகன்யாவும் இதைப் படிப்பாள். வேறு பேரில் வந்து உன் மனசைக் கேட்டுக்கொண்டு போனது தப்பு, கண்ணு. உன்னைக் கேட்காமல் நான் திறந்த பெட்டி அது. இனி நான் எங்கே வந்தாலும் அம்மா என்ற பேரில்தான் வருவேன். ஆனால் நீ என்னை நல்லவள் என்று சொன்னதை மட்டும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

அந்த வாரமே உன் அப்பாவும் நானும் கண்ணமங்கலம் போனோம். ரோட்டோரத்தில் பழைய வீடு இடித்த கதவுகளைச் சாய்த்து வைத்து விற்கிறார்களே, அங்கே நிலையோடு ஒரு வேப்பங்கதவு பார்த்தேன். உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள், என் முழங்கை நீளம். அதைத் தூக்கிக்கொண்டு மலை பஸ்ஸுக்கு வந்தால் கண்டக்டர் வழியை மறித்தார்.

"இன்னாம்மா இது?"

"கதவு."

"கதவுன்னு தெரியுது. பஸ்ஸுக்கு ஏற்கெனவே ரெண்டு கீது."

"அதுல ஒண்ணு சாத்தவே மாட்டேங்குது. வேணும்னா இத்த மாட்டிக்கோங்க."

பஸ் சிரித்துவிட்டது. சிரித்ததும் எனக்குச் சுகன்யா எழுதியது ஞாபகம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் மேல ஏத்தி விடுங்க, புண்ணியமாப் போவும்" என்று தன்மையாகச் சொன்னேன். உன் அப்பா என் நெற்றியில் கை வைத்து ஜுரமா என்று பார்த்தார். கூரைமேல் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் கட்டி வைத்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த பெரியம்மா, "எந்த வூட்டுக்குக் கதவு?" என்று கேட்டாள். "எம் மருமக வூட்டுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது எந்த வூடு என்று விளங்கியது.

சாமை மூட்டைகளை எல்லாம் முன்னறைக்கு மாற்றிவிட்டோம். இப்போது நடக்க இடமில்லை, உன் அப்பா மூட்டைமேல்தான் படுத்துக்கொண்டிருந்தார். விதைக்கு வந்த உன் சித்தி, முறத்தோடு பழக்கத்தில் நேராக உள்ளறைக்குப் போனாள். "அங்க இல்ல, இங்க கீது" என்றேன். "இன்னாக்கா, உள்ள போவ வாணாவா?" என்றாள். "வாணாம். அது அவங்க எடம்" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். தமாஷ் பண்ணப் போகிறாள் என்று தெரிந்தது. நான் சொல்லிக்கொடுத்த தமாஷ்தானே அதெல்லாம். நான் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறத்தில் சாமையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. களை எடுப்பதை விடக் கஷ்டம்.

ஆகவே எல்லை போட்டாகிவிட்டது. சொந்தக்காரர் சுகன்யாவும் நீயும். நான் புழங்கிக்கொள்பவள்கூட இல்லை, தட்டிவிட்டு நிற்பேன். வூடு என் வூடுதான், ஆனால் அந்த நாலு சுவருக்குள் அவள் நம்பர்தான் பெரிசு. நீயும் இதைக் கேட்டுக்கொள்: அவள் உள்ளே இருந்து சாத்தியிருந்தால் நீயும் தட்டு. புருஷன் என்பதால் உனக்குத் தனிச் சட்டம் எழுதிக்கொள்ளாதே. அடுப்பங்கரையைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அங்கே யார் நம்பர் பெரிசு என்பதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம். அவள் குழம்பு வைத்துக் காட்டட்டும், நான் ருசி பார்த்துவிட்டு நம்பர் போடுகிறேன். கண்ணமங்கலத்தில் பார்த்த வாடகை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடு. சொல்ல மனசு வரவில்லை என்றால் வைகாசி வரை பொறு, ஒரு தரம் இரண்டு பேருமாக வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள். நீங்கள் வரவில்லை என்றாலும் கதவு இருக்கும். மூட்டையைத் திரும்ப உள்ளே வைக்க மாட்டேன்.

நேற்று ஆசாரி வந்து நிலையை நிறுத்திக் கதவை மாட்டிவிட்டு, மத்தியான பஸ்ஸில் கீழே போய்விட்டார். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க உன் அப்பா உள்ளே போய்ச் சாத்திப் போட்டார். நன்றாக விழுந்தது. எடுக்க வரவில்லை. ஆசாரிக்குப் பாறையிலிருந்து போன் செய்தேன்; நாளைக் காலைப் பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். களியைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, மேலே இருக்கிற காற்றுப் பொந்து வழியாகக் கொடுத்து வருகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் டீ கொண்டுபோய், முறைப்படி கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து, "யாரு?" என்று கேட்டார்.